லாயத்துக்கு முதலில் எதை வாங்குவது?

குதிரைச் சாமான் விற்கும் கடைகளின் விலைப்பட்டியலைப் புரட்டினால், பாதுகாப்பு என்ற தலைப்பில் முதலில் வருபவை சவாரி செய்பவர் உடம்பில் போட்டுக்கொள்ளும் பொருள்கள்தாம்: ஹெல்மெட், மார்புக் கவசம், காற்று நிரம்பும் சட்டை, தோல் கையுறை. கடைசிப் பக்கத்தில், வாளிக்கும் துடைப்பத்துக்கும் நடுவே, கட்டும் கயிறும் கொக்கியும் தீயணைப்பானும் கிடக்கும். லாபம் அதிகமுள்ள சரக்கு முன்னால் நிற்பது வியாபார இயல்பு. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான்கைந்து குதிரைகளை வைத்துச் சவாரி கற்றுத்தருபவரோ, மலை ஊரில் சுற்றுலா வருபவர்களைக் குதிரையேற்றிப் பிழைப்பவரோ அந்த வரிசையிலேயே பணத்தை இறைத்தால், கடைசிப் பக்கம் வருவதற்குள் கை காலியாகிவிடும். வரிசையை மாற்ற இரண்டு கேள்விகள் போதும். இந்தப் பொருள் தடுக்கும் விபத்து நடந்தால் அதிலிருந்து மீள முடியுமா? விபத்து நேரும் அந்தக் கணத்தில் இது வேலை செய்ய, யாராவது எதையாவது நினைவில் வைத்திருக்க வேண்டுமா? மீள முடியாத கேட்டைத் தடுப்பதும், யாருடைய ஞாபகத்தையும் நம்பாமல் தானே இயங்குவதும் முன்னால் வரவேண்டும். மற்றவை பிறகு.

குதிரையால் அடிபடுவது என்றதும் ஓடும் குதிரையிலிருந்து ஆள் தூக்கியெறியப்படும் காட்சிதான் மனத்தில் எழுகிறது. சினிமா பழக்கிய காட்சி அது. காயங்களில் கணிசமான பங்கு சேணத்தில் ஏறாத நேரத்தில், தரையில் நிற்பவருக்கு நேர்கிறது: தேய்த்துவிடும்போது, குளம்பு பார்க்கும்போது, தீனி வைக்கக் குனியும்போது. பிரிட்டனில் குதிரை மருத்துவர்களிடம் எடுத்து 2014-ல் வெளியான ஆய்வொன்றின் கணக்குப்படி, 30 ஆண்டுப் பணிக்காலத்தில் ஒரு மருத்துவர் வேலை தடைப்படும் அளவுக்கு ஏழெட்டு முறை அடிபடுகிறார். அந்தக் காயங்களில் ஏறக்குறைய பாதி பின்னங்கால் உதையால் வந்தவை. மருத்துவர் ஊசி போட வருபவர், வலியில் இருக்கும் குதிரையைத் தொடுபவர், அந்தக் கணக்கு லாயக்காரருக்குப் பொருந்தாது என்று சொல்லலாம். ஓரளவு நியாயம்தான். ஆனால் மருத்துவர் வந்துபோவது அரைமணி நேரம்; குதிரைக்காரர் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அதே கால்களின் பக்கத்தில் நிற்கிறார். குதிரை முரடாக இருக்கவேண்டியதில்லை. அது இரையாக வாழ்ந்து பழகிய பிராணி. நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குக் கண் தெரியாத இடம் உண்டு. அங்கிருந்து எது வந்தாலும் முதலில் உதை, பிறகுதான் யோசனை. ஆகவே லாயத்துக்கான பாதுகாப்புச் செலவு தரையில் நிற்பவரிலிருந்து தொடங்கவேண்டும்.

தரையில் நிற்பவருக்கு முதல் பொருள், கட்டும் முறை. விலை மிகக் குறைவு, பேச்சும் குறைவு, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சுவரில் வளையம், அதிலிருந்து குதிரையின் முகத்து வார்வரை கயிறு. குதிரை எதற்கோ மிரண்டு பின்னால் இழுக்கிறது, கயிறு விறைக்கிறது, தலை மாட்டிக்கொண்டதை உணர்ந்ததும் நாலுகால் பலத்தையும் போட்டு இன்னும் இழுக்கிறது. இங்கே மூன்று தேர்வுகள் உண்டு. ஒன்று, நுனியை இழுத்தால் அவிழும் முடிச்சு. காசு செலவில்லை, எல்லோரும் கற்கவேண்டியது. ஆனால் முழு எடையில் இறுகிப்போன முடிச்சு பல நேரம் அவிழாது, அவிழ்க்கப் போகிறவரின் கை சுவருக்கும் குதிரையின் தலைக்கும் நடுவே போகிறது. இரண்டு, இறுக்கத்திலும் திறக்கும்படி செய்த பானிக் ஸ்னாப் என்னும் கொக்கி. முடிச்சைவிட மேல், கடலோரக் காற்றில் துருப்பிடிக்காத பித்தளையிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ வாங்கினால் நெடுநாள் உழைக்கும். ஆனாலும் அதைத் திறக்க ஒரு கை அங்கே போகவேண்டும். மூன்று, வளையத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே மெல்லிய சணலில் ஒரு சிறு சுருக்கு. குதிரை முழு பலத்தோடு இழுத்தால் சணல் அறும், அவ்வளவுதான். யாரும் ஓடிவர வேண்டாம். இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல விடை எதுவுமில்லை, விலையோ சில ரூபாய். கட்டுப்புல்லோடு வரும் பிளாஸ்டிக் சரடை மட்டும் சணலுக்குப் பதில் போடக்கூடாது. அது மனிதன் நினைப்பதைவிட வலுவானது, வளையம் சுவரோடு பெயர்ந்து வரும்வரை அறாது. பெயர்ந்த வளையத்தைக் காலடியில் இழுத்துக்கொண்டு ஓடும் குதிரையை நிறுத்த யாராலும் முடியாது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அறுத்துக்கொண்டு ஓடிய குதிரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரிக்கு முன்னால் போய் நின்றால்? ஒருமுறை அறுக்கத் தெரிந்துகொண்ட குதிரை தினமும் அறுக்காதா? இரண்டும் உண்மை. முதலாவதற்கு விடை கயிற்றில் இல்லை, வாசற்கதவில் இருக்கிறது. சாலையோரம் திறந்த வெளியில் கட்டுவதே பிழை. சுற்றுவேலியும் தானே சாத்திக்கொள்ளும் கேட்டும் உள்ள இடத்தில் கட்டினால், அறுத்த குதிரை முற்றத்தில் நாலுசுற்று சுற்றிவிட்டு நிற்கும். இரண்டாவதற்கு, இழுத்தால் கயிறு உரசியபடி மெல்லச் சறுக்கி நீளும் வளையங்கள் கிடைக்கின்றன. குதிரைக்கு மாட்டிக்கொண்ட உணர்வும் வராது, விடுதலையும் கிடைக்காது. அறுத்துப் பழகிய குதிரைக்கு அந்தச் செலவு தகும், எல்லாக் குதிரைக்கும் வேண்டியதில்லை. சந்தைகளில் காண்பதுபோல் பின்னங்காலையும் முளையில் கட்டுவது உதைக்கு வைத்தியம் என்பார்கள். சுவரில்லாத வெளியில் நூற்றுக்கணக்கான குதிரைகளை வரிசையாக நிறுத்தவேண்டியிருந்த காலத்து ஏற்பாடு அது. மிரண்ட குதிரையின் கால் அந்தக் கயிற்றில் சிக்கினால் உடைவது கால். லாயத்தில் அதற்கு இடமில்லை.

பிடித்து நடத்தும் கயிறு பருத்தியில், கை நிறையப் பிடிக்கும் தடிமனில் இருக்கட்டும். மெல்லிய நைலான் கயிறு ஓடினால் உள்ளங்கைத் தோலை உரித்துவிடும். கையுறை அந்தத் தோலைக் காக்கும். ஆனால் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் எந்தக் கையுறையும் விரலைக் காக்காது.

அடுத்தது கால். ரப்பர் செருப்போடும் வெறுங்காலோடும் வேலை நடக்கும் லாயங்கள் நம் பக்கத்தில் ஏராளம், அதனால் செருப்புக்கும் பூட்ஸுக்கும் நடுவே ஒப்பீடு தேவையில்லை; எந்த பூட்ஸ் என்பதுதான் கேள்வி. இரும்பு நுனி வைத்த பூட்ஸ் வேண்டாம், குதிரை மிதித்தால் இரும்பு வளைந்து விரலையே நறுக்கிவிடும் என்ற பேச்சு குதிரைக்காரர்களிடம் உலகமெங்கும் உண்டு. கணக்குப் போட்டால் அது நிற்காது. பாதுகாப்புக் காலணிக்கான சர்வதேசத் தரமும், அதைத் தழுவிய இந்தியத் தரமான ஐ.எஸ். 15298-இன் இரண்டாம் பகுதியும், நுனிக் கவசம் 200 ஜூல் மோதலையும் 15 கிலோநியூட்டன் அழுத்தத்தையும் தாங்கவேண்டும் என்கின்றன. முதலாவது, 20 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். இரண்டாவது, ஏறக்குறைய 1,500 கிலோவை மேலே வைப்பதற்கு. 450 கிலோ குதிரை சும்மா நிற்கும்போது ஒரு முன்னங்காலில் இறங்குவது 135 கிலோ அளவு. முழு ஓட்டத்தில் ஒரு முன்னங்கால் தன் உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கைத் தாங்குகிறது. அப்போதும் 1,125 கிலோதான். இரும்பு வளையும் அளவுக்குச் சுமை வந்தால், இரும்பில்லாத பூட்ஸுக்குள் விரல் என்ன ஆகியிருக்கும் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். மறுப்பில் நிஜமான பகுதி வேறு: நுனிக் கவசம் விரல்களை மட்டும் மூடுகிறது, குதிரை சில சமயம் அதற்கு மேலே புறங்காலில் மிதிக்கும். அதைத் தடுக்கும் பூட்ஸும் உண்டு, ஆனால் கனம் அதிகம், நாள்முழுக்க நடப்பவர் கழற்றி வைத்துவிடுவார். கழற்றி வைக்கப்படும் பாதுகாப்பு நமது இரண்டாவது கேள்வியில் தோற்றுப்போகும். ஆகவே ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சாதாரண வேலைத்தள பூட்ஸ், கட்டடச் சாமான் விற்கும் கடையிலேயே வாங்கலாம். சவாரிக் கடையின் அழகான முழங்கால் பூட்ஸைவிட லாய வேலைக்கு அதுவே மேல். அதே பூட்ஸோடு சவாரிக்கு ஏறக்கூடாது. பருத்த நுனியும் பல்லுள்ள அடியும் அங்கவடியில் சிக்கும். சவாரிக்கு வழவழப்பான அடியும் அங்குலத்துக்குக் குறையாத குதிகாலும் உள்ள வேறு ஜோடி வேண்டும். இரண்டு ஜோடி என்பது ஆடம்பரம் அல்ல, இரண்டு வேலை.

இனி தலை. மற்ற எல்லாவற்றிலும் 'நினைவில் வைக்கவேண்டிய பொருள் பின்னால்' என்று சொல்லிவிட்டு, மாட்டினால்தான் வேலை செய்யும் ஹெல்மெட்டை முன்னால் வைப்பது முரண் அல்லவா? முதல் கேள்விதான் இங்கே தீர்ப்பு சொல்கிறது. உடைந்த கை கூடும், மூளை அடிபட்டால் பழைய ஆள் திரும்புவது நிச்சயமில்லை. அமெரிக்காவுக்காக ஒலிம்பிக்கில் டிரசாஜ் என்னும் குதிரை நடைப் போட்டி ஆடிய கோர்ட்னி கிங்-டை 2010 மார்ச்சில் பயிற்சியின்போது குதிரை இடறி விழுந்து தலையில் அடிபட்டு வாரக்கணக்கில் கோமாவில் கிடந்தார். தடை தாண்டவில்லை, பந்தயத்தில் ஓடவில்லை. குதிரை தன் கால் தானே தடுக்கி விழுந்தது. ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. உயரமான தொப்பி போட்டு ஆடுவதே மரபு என்றிருந்த அந்த ஆட்டத்தில், சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 ஜனவரி 1 முதல் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. 'என் குதிரை சாது, மெல்ல நடக்கத்தான் போகிறோம்' என்ற வாதத்துக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை. சாதுவான குதிரையும் இடறும்.

எந்த ஹெல்மெட்? விலை நம்பத்தக்க அளவுகோல் அல்ல. வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வகம் சவாரி ஹெல்மெட்டுகளை மோதிச் சோதித்து 2022 இறுதியில் முதல் தரவரிசையை வெளியிட்டபோது, விலை வரிசையும் பாதுகாப்பு வரிசையும் பொருந்தவில்லை. உள்ளே ஒட்டியிருக்கும் தர முத்திரையைத்தான் முதலில் படிக்கவேண்டும். அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.டி.எம். எஃப் 1163, பிரிட்டிஷ் தரமான பி.ஏ.எஸ். 015, ஐரோப்பிய வி.ஜி.1: இவற்றில் ஒன்றாவது இருக்கட்டும். பழைய இ.என். 1384 முத்திரையை மட்டும் தாங்கியவற்றை பிரிட்டிஷ் போட்டி அமைப்புகள் 2016-லிருந்து ஏற்பதில்லை. 2017-ல் அந்தத் தரம் திருத்தப்பட்டது, எனவே எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள ஆண்டைப் பார்க்காமல் பழைய சரக்கைத் தள்ளுபடியில் வாங்கக்கூடாது. எந்த முத்திரையும் இல்லாத வெல்வெட் தொப்பி வெறும் அலங்காரம். தலை உள்ளுக்குள் திருகுவதைக் குறைக்கும் மிப்ஸ் போன்ற நழுவும் அடுக்கு இருந்தால் நல்லது. விழும் ஆள் பெரும்பாலும் சாய்ந்துதான் விழுகிறார், மூளையைச் சிதைப்பதில் அந்தத் திருகலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அளவு சரியில்லாத தலையில் மிப்ஸ் இருந்தும் பயனில்லை. வாரை மாட்டாமல் தலையில் வைத்து லேசாக அசைத்தால் புருவத்துத் தோலும் கூடவே அசையவேண்டும். ஹெல்மெட் மட்டும் அசைந்தால் அடுத்த அளவை, அல்லது வேறு தலைவடிவத்துக்கான மாதிரியைத் தேட வேண்டும். உள்ளே இருக்கும் நுரை ஒரே ஒரு மோதலுக்கானது. வெளியில் கீறல்கூடத் தெரியாமல் உள்ளே நசுங்கியிருக்கும். விழுந்த ஹெல்மெட்டை அன்றே ஓரங்கட்டவேண்டும், விழாததையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்த ஹெல்மெட்டுக்கு அந்த ஐந்தாண்டுக் கணக்கும் செல்லாது, பசையும் நுரையும் அதற்கு முன்பே கெட்டுவிடும்.

இங்கே வழக்கமாக எழும் இன்னொரு கேள்வி: வீட்டில் பைக் ஹெல்மெட் சும்மா தொங்குகிறதே, அது போதாதா? ஒன்றுமில்லாததற்கு ஏதோ ஒன்று என்ற அளவில் சரி, ஆனால் அது வேறு விபத்துக்குச் செய்த பொருள். முழுமுக பைக் ஹெல்மெட் காதை மூடுகிறது. குதிரைக்காரருக்குக் காது கண்ணுக்குச் சமம். கனத்தால் கழுத்து சோர்ந்து ஆள் கழற்றி வைப்பார். சைக்கிள் ஹெல்மெட் லேசாக இருக்கும், ஆனால் சவாரி ஹெல்மெட்டுகள் கூர்விளிம்புள்ள பொருள் மோதுவதற்கும் சோதிக்கப்படுகின்றன, சில தரங்கள் பக்கவாட்டில் நசுக்கியும் பார்க்கின்றன. லாடம் அடித்த குளம்பையும், மேலே புரளும் குதிரையையும் மனத்தில் வைத்த சோதனைகள் அவை. வெயில் என்ற காரணம் நம் ஊருக்கு நிஜமானது. அதற்கு விடை காற்றுத்துளை அதிகமுள்ள, வெளிர்நிற மாதிரியைத் தேர்ந்தெடுப்பது. சவாரியைக் காலை எட்டு மணிக்குள் முடிப்பது. ஹெல்மெட்டைச் சவாரிக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. குளம்பு தூக்குபவர், புதுக் குதிரையை நடத்துபவர், வண்டியில் ஏற்றுபவர் மூவருக்கும் ஹெல்மெட் வேண்டும். பல லாயங்களில் கட்டணம் கட்டிய விருந்தாளியின் தலையில் ஹெல்மெட் இருக்கும், கடிவாளத்தைப் பிடித்து முன்னே நடக்கும் ஆளின் தலையில் ஒரு துண்டு இருக்கும். குளம்புக்குப் பக்கத்தில் இருப்பது எந்தத் தலை?

கவசம் போட்டவன் துணிச்சலாகிவிடுவான், எச்சரிக்கை குறையும் என்று சொல்பவர்கள் உண்டு. ஓரளவு அது மனித சுபாவம்தான். ஆனால் அந்த வாதம், போட்டவர் உணரும் கவசங்களுக்குத்தான் பொருந்தும். சணல் சுருக்கு யாரையும் துணிச்சலாக்குவதில்லை. அது இருப்பதே பலருக்குத் தெரியாது. தானே இயங்கும் பொருள்களுக்கு முன்னிடம் கொடுக்க இதுவும் ஒரு காரணம்.

அங்கவடியும் அந்த வகைதான். விழும்போது கால் அங்கவடியில் மாட்டிக்கொண்டால், விழுந்தவரைக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். விழுவதைவிட அது கொடியது. பீகாக் எனப்படும் வகையில் வெளிப்பக்கம் இரும்புக்குப் பதில் தடித்த ரப்பர் வளையம் இருக்கும், கால் அழுத்தினால் கழன்றுவிடும். குழந்தைகளுக்கு ஏற்றது, ஆனால் நம் வெயிலில் ரப்பர் வெடித்துப்போகும், மாதாமாதம் பார்த்து மாற்றவேண்டும், எடை கூடிய பெரியவருக்கு ஒருபக்க இரும்பு வளையவும் கூடும். வெளிப்பக்கம் வளைந்து திருகியிருக்கும் வகையில் தேயும் பாகம் எதுவுமில்லை, தினசரிச் சவாரிக்கு அதுவே மேல். கொடைக்கானல் ஏரியைச் சுற்றியும் ஊட்டியிலும் கேன்வாஸ் ஷூவோடும் செருப்போடும் வந்து ஏறுபவர்களுக்கு இரண்டுமே போதாது. முன்பக்கம் கூண்டுபோல் மூடிய அங்கவடியே பொருத்தம், அதில் கால் உள்ளே நழுவிப் போகவே வழியில்லை. எதுவானாலும் ஷூவைவிட ஓர் அங்குலம் அகலம் வேண்டும், சேணத்தில் அங்கவடி வார் மாட்டும் கம்பியின் நுனிக் கொண்டி திறந்தே இருக்கவேண்டும். கான்பூர்ச் சேணங்களிலும் அந்தக் கொண்டி உண்டு. கழன்று விழுகிறதென்று அதை மேலே தூக்கி மூடிவைப்பவர்கள் அது எதற்கு இருக்கிறது என்று யோசிப்பதில்லை.

கண்ணுக்குத் தெரியாத கேடு காற்றில் இருக்கிறது. வைக்கோல் தூசியும் பூஞ்சை வித்தும் ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் இறங்கினால் மனிதருக்கு விவசாயி நுரையீரல் என்ற அழற்சியும் குதிரைக்கு ஆஸ்துமாவும் வரும். மூக்கில் கட்டும் துண்டு வைக்கோல் துரும்பைத் தடுக்கும், வித்தைத் தடுக்காது. என்-95 முகக்கவசம் தடுக்கும். ஆனால் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா வாயுவை அதுவும் தடுக்காது. அமெரிக்காவின் தொழில்சுகாதார நிறுவனம் பத்து மணிவரையிலான வேலைநாளுக்கு அமோனியாவின் வரம்பை 25 பி.பி.எம். என்று வைக்கிறது, அளக்கும் கருவி வாங்கலாம்தான், ஆனால் மூக்கே முதல் கருவி. ஒரு நிபந்தனை: நாள்முழுக்க அங்கேயே இருப்பவரின் மூக்கு பழகிப்போயிருக்கும். காலையில் வெளியிலிருந்து வருபவர், குதிரை படுக்கும் உயரத்துக்குக் குனிந்து முகர்ந்து பார்க்கட்டும். கண் எரிந்தால் முகக்கவசம் வாங்க ஓடுவதில் பயனில்லை. தரைச் சரிவையும் கூரையோரத் திறப்பையும் கீழ்விரிப்பையும் மாற்றவேண்டும். நெல் வைக்கோல் மலிவு, ஈரம் உறிஞ்சுவதில் மட்டம். மரத்தூள் நன்றாக உறிஞ்சும், ஆனால் மாவாக இருந்தால் தூசி பறக்கும், சீவலாக வாங்கவேண்டும். தென்னைநார்க் கழிவு நன்றாக உறிஞ்சும், பொள்ளாச்சி வட்டாரத்தில் எளிதில் கிடைக்கும். காய்ந்தால் அதுவும் பறக்கும், லேசாக ஈரம் தெளித்துப் போடவேண்டும். ரப்பர் பாய் மூட்டுக்கு நல்லது, ஆனால் சரிவில்லாத தரையில் போட்டால் பாய்க்கு அடியில் சிறுநீர் தேங்கி நிலைமை முன்னைவிட மோசமாகும். தீனிப்புல்லை அந்தந்த வேளைக்கு நனைத்துக் கொடுத்தால் தூசி பெருமளவு அடங்கும். மிச்சம் வைத்தால் இந்த வெப்பத்தில் புளித்துவிடும்.

தீ விஷயத்தில் கடைக்காரர் நீட்டுவது பெரும்பாலும் ஏ.பி.சி. பொடி தீயணைப்பான். மின்பெட்டிக்குப் பக்கத்தில் அது சரி. வைக்கோலுக்கு அது அரைகுறை. மேல் ஜுவாலை அடங்கும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும் தணல் சற்று நேரத்தில் மறுபடி எழும். வைக்கோலுக்குத் தண்ணீர்தான்: ஒன்பது லிட்டர் தண்ணீர் வகைத் தீயணைப்பானும், எப்போதும் குழாயில் மாட்டியே இருக்கும் நீண்ட ஹோஸும். இரண்டு வகையும் வேண்டும், இரண்டையும் குழப்பக்கூடாது. மின்கசிவுத் தீயில் தண்ணீர் அடிப்பவர் தானே விழுவார். இவற்றைவிடப் பெரிய பாதுகாப்புகள் பட்டியலிலேயே இல்லாதவை. வைக்கோல்போர் லாயத்தை ஒட்டி இருக்கக்கூடாது, தீபாவளி வாரத்தில் அதை மூடவேண்டும். ஒயர்கள் எலி கடிக்காத குழாய்க்குள் போகவேண்டும், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வேண்டும், ஈரத்தரையில் இரும்பு லாடத்தோடு நிற்கும் குதிரை மனிதனைவிட எளிதில் ஷாக்குக்குப் பலியாகும். ஒவ்வொரு கதவிலும் முகவாரும் கயிறும் தொங்கவேண்டும், தாழ்ப்பாள் ஒரு கையால், இருட்டில், வெளியிலிருந்து திறக்கவேண்டும். பூட்டுப் போட்ட லாயத்தில் எத்தனை தீயணைப்பான் இருந்தும் சாவி யாரிடம் என்பதே கேள்வியாகிவிடும்.

நோய்க்கு வாங்கவேண்டியவை மலிவு: ஒருமுறைக் கையுறைப் பெட்டி, தனித்தனி நிறம் பூசிய வாளிகள். டெட்டனஸ் கிருமியின் வித்துகள் குதிரைச் சாணத்தில் இயல்பாகவே உண்டு. ஆகவே முதலுதவிப் பெட்டியைவிட முந்தியது வேலையாட்களின் தடுப்பூசித் தேதி எழுதிய நோட்டு. அந்தியூர் ஆடிச் சந்தையிலோ வடக்கேயோ வாங்கிவந்த புதுக் குதிரையை உடனே மற்றவற்றோடு கட்டாமல், தனி வாளி, தனி தூரிகையோடு சில வாரம் ஒதுக்கி வைக்கவேண்டும். மூக்கில் சளியும் தோலில் கட்டியும் தெரிந்தால் கிளாண்டர்ஸ் என்று சந்தேகிக்கவேண்டும். மனிதருக்கும் தொற்றும் நோய் அது, 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கால்நடைத் துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டியது, ரத்த மாதிரி ஹிஸாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்துக்குப் போகும். தொண்டையில் ஏதோ அடைத்ததுபோல் எச்சில் ஒழுக நிற்கும் குதிரையின் வாய்க்குள் வெறுங்கை விடக்கூடாது. நாய்க்கடி மிகுந்த நாட்டில் அது வெறிநோயாகவும் இருக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு பணம் மிஞ்சினால், விலைப்பட்டியலின் முதல் பக்கத்துக்குத் திரும்பலாம். நுரை வைத்த மார்புக் கவசத்தில் ஐரோப்பியத் தரமான இ.என். 13158-இன் மூன்றாம் நிலை போதும்; சவாரியிலும், முரட்டுக் குதிரையைத் தரையில் கையாளும்போதும் அது விலாவைக் காக்கும். காற்றுச் சட்டை வேறு ரகம். சேணத்தோடு இணைத்த வார் இழுபட்டதும், சிறு சிலிண்டரிலிருந்து கரியமில வாயு கண நேரத்தில் நிரம்பும். ஏறியதும் வாரை மாட்ட மறந்தால் அது வெறும் சட்டை. தரையில் நிற்பவரை உதைக்கும் காலுக்கு அது ஒன்றுமே இல்லை. 2015 முதல் 2017 வரை தடை தாண்டலை உள்ளடக்கிய சர்வதேச ஈவென்டிங் போட்டிகளில் விழுந்தவர்களின் பதிவுகளை அலசிய ஆய்வு, காற்றுச் சட்டை போட்டவர்களிடம் கடுங்காயம் குறைவாக இல்லை, கூடுதலாகவே இருந்தது என்று கண்டது. கடினமான தடைகளைத் தாண்டுபவர்களே அதை அதிகம் போட்டதால் அப்படித் தெரிந்திருக்கலாம். சட்டையே கேடு செய்தது என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. நன்மை நிரூபணமாகிவிட்டது என்று விற்பவர் சொல்வதற்கும் அதில் இடமில்லை. தடை தாண்டிப் பழகுபவர் நுரைக் கவசத்தின் மேலே அதையும் போட்டுக்கொள்ள விரும்பினால் வாங்கலாம். வாங்குமுன், ஒருமுறை வெடித்தபின் போடவேண்டிய மாற்றுச் சிலிண்டர் எந்த ஊரில் கிடைக்கும், தபாலில் வருமா, எத்தனை நாளாகும் என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.